இரண்டாவது கையெழுத்து

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு நேரங்களில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். சிலருக்கு இது காலைக் காப்பி வேளை. சிலருக்குப் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு வந்து அமரும் வேளை. இந்தத் தொடரில் எனக்கு முன்னால் வந்தவர்கள் நாவல்களைப் பற்றியும் கல்வெட்டுகளைப் பற்றியும் பேசினார்கள். நான் ஒரு சான்றிதழைப் பற்றிப் பேசப்போகிறேன். கப்பல்களைச் சோதித்துத் தரம் சொல்லும் அமைப்புகள் இருக்கின்றன. அந்த அமைப்புகளுக்கு அரசாங்கம் அங்கீகாரம் கொடுக்கிறது. அந்த அங்கீகாரம் எப்படி உருவானது, உள்நாட்டுக் கப்பல்களின் விஷயத்தில் அது ஏன் உயிர்ப் பிரச்சினையாகிறது என்பதுதான் என் பேச்சு.

ஒரு செவிலிக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நான் தூத்துக்குடிக்காரி. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு கொண்டுபோகும் தோணிகளைப் பார்த்து வளர்ந்தவள். ஒரு தோணி கடலுக்குத் தாங்குமா என்பதை அதைக் கட்டிய ஓடாவியின் பெயரை வைத்தே ஊரில் சொல்லிவிடுவார்கள். அதைவிடப் பெரிய காரணம் என் வேலை. நர்சிங் டிப்ளமோ முடித்து முதலில் வளைகுடாவில் இருந்தேன், இப்போது அயர்லாந்தில் இருக்கிறேன். இரண்டு இடத்திலும் என்னோடு இரவுப்பணி பார்த்தவர்களில் பலர் பிலிப்பைன்ஸ் செவிலியர்கள். நாம் "பஸ்ஸில் ஊருக்குப் போனேன்" என்று சொல்வதைப்போல அவர்கள் "கப்பலில் ஊருக்குப் போனேன்" என்பார்கள். 7,641 தீவுகள் கொண்ட நாடு. அங்கே கப்பல்தான் பஸ். டோன்யா பாஸ் என்ற பெயரை நான் முதலில் கேட்டது அவர்களிடம்தான். அந்தப் பெயரைச் சொல்லும்போது அவர்கள் குரல் தணிந்துவிடும். அந்தக் கப்பலுக்குப் பிறகு வருகிறேன். முதலில் ஒரு காப்பிக்கடைக்குப் போவோம்.

காப்பிக்கடையில் பிறந்த புத்தகம்

17ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் எட்வர்ட் லாய்ட் என்பவர் ஒரு காப்பிக்கடை நடத்தினார். கப்பல் தலைவர்கள், சரக்கு வணிகர்கள், கப்பலுக்குக் காப்பீடு கொடுப்பவர்கள் எல்லோரும் கூடும் இடம் அது. காப்பீடு கொடுப்பவருக்கு ஒரு சங்கடம். அவர் கடையில் உட்கார்ந்திருக்கிறார், கப்பலோ எங்கோ ஒரு துறைமுகத்தில் கிடக்கிறது. அது நல்ல கப்பலா, ஓட்டைக் கப்பலா? கப்பல்காரர் வாயால் சொல்வதை மட்டும் நம்பி எப்படிப் பணத்தைப் பணயம் வைப்பது?

எட்வர்ட் லாய்டின் காலத்துக்கு வெகுநாள் கழித்து, 1760இல், அந்தக் கடையின் வாடிக்கையாளர்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். கப்பல்களின் நிலையை ஆள்வைத்துப் பார்த்து, புத்தகமாக அச்சிட்டு, சந்தா கட்டியவர்களுக்குக் கொடுத்தார்கள். இன்று கிடைக்கும் மிகப் பழைய பதிப்பு 1764ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் கப்பலின் உடலுக்கு ஏ, ஈ, ஐ, ஓ, யு என்று ஐந்து தரம். பாய்மரம், கயிறு, நங்கூரம் முதலிய சாமான்களுக்கு நல்லது, நடுத்தரம், மோசம் என்று மூன்று தரம். பத்தாண்டு கழித்துச் சாமான்களின் தரத்தை எண்ணால் குறிக்கத் தொடங்கினார்கள். உடலும் சாமானும் முதல் தரமாக இருந்தால் 'ஏ 1'. நம் ஊர் டீக்கடையில் "டீ ஏ ஒன்னா இருக்கு" என்று சொல்கிறோமே, அந்த ஏ ஒன் இந்தப் புத்தகத்திலிருந்து புறப்பட்டு வந்ததுதான்.

இப்படித் தரம் சொல்லும் வேலையைத்தான் கப்பல் வகைப்பாடு என்கிறார்கள். கப்பல்காரர்களின் பேச்சில் அது 'கிளாஸ்'. கப்பலுக்குக் கிளாஸ் இருக்கிறதா, கிளாஸ் போய்விட்டதா என்று கேட்டுக்கொள்வார்கள்.

இந்த வரலாற்றில் நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது ஒரே ஒரு விஷயத்தை. இதற்குப் பணம் கொடுத்தது யார்? ஆரம்பத்தில் கொடுத்தவர்கள் காப்பீட்டுக்காரர்கள். கப்பல் மூழ்கினால் நஷ்டப்படுகிறவர்களே சோதனைக்குச் செலவழித்தார்கள். அதனால் சோதனை கறாராக இருந்தது. கப்பல்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டின் முடிவில், கப்பல் எந்த ஊரில் கட்டப்பட்டது என்பதை வைத்துத் தரம் பிரிக்கும் புதிய முறையைப் புத்தகக்காரர்கள் கொண்டுவந்தபோது சண்டை முற்றியது. 1799இல் கப்பல்காரர்கள் தங்களுக்கென்று தனிப் புத்தகம் போட்டார்கள். காப்பீட்டுக்காரர்களின் புத்தகம் பச்சைப் புத்தகம், கப்பல்காரர்களின் புத்தகம் சிவப்புப் புத்தகம். ஒரே கப்பலுக்கு இரண்டு புத்தகம். முப்பத்தைந்து ஆண்டுகள் இந்தக் கூத்து நடந்து, இருவருக்கும் பணம் கரைந்த பிறகு, 1834இல் இரண்டும் ஒன்றாகி லாய்ட்ஸ் ரெஜிஸ்டர் என்ற அமைப்பு உருவானது. காப்பீட்டுக்காரர், வணிகர், கப்பல்காரர் மூவரும் அதன் குழுவில் இடம்பெற்றார்கள். அதன் பிறகு சோதனைக்கான செலவு மெல்ல மெல்லக் கப்பல்காரர் கட்டும் கட்டணத்தின்மேல் ஏறியது.

இதே காலத்தில் மற்ற நாடுகளிலும் இத்தகைய அமைப்புகள் தோன்றின. 1828இல் ஆண்ட்வெர்ப் நகரில் பீரோ வெரித்தாஸ், 1861இல் இத்தாலியில் ரீனா, 1862இல் அமெரிக்காவில் ஒன்று, 1864இல் நார்வேயில் ஒன்று, 1899இல் ஜப்பானில் ஒன்று. எல்லாவற்றிலும் கடைசியில் நிலைத்த ஏற்பாடு ஒன்றுதான். சோதிக்கப்படுகிறவரே சோதிப்பவருக்குக் கட்டணம் கட்டுகிறார்.

வைத்தியருக்கு நோயாளி பணம் கொடுப்பது இயல்புதானே என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் இங்கே நோயாளி கப்பல், பணம் கொடுப்பவர் கப்பல்காரர், உயிர் போனால் போவது பயணியின் உயிர்.

வட்டமும் இரண்டு எழுத்துகளும்

இதுவரை அரசாங்கம் இந்தக் கதைக்குள் வரவில்லை. அதை இழுத்துவந்தவர் சாமுவேல் பிளிம்சால் என்ற ஆங்கில நாடாளுமன்ற உறுப்பினர். அளவுக்கு மீறிச் சரக்கேற்றிய பழைய கப்பல்கள் மாலுமிகளோடு மூழ்கிக்கொண்டிருந்தன. காப்பீடு இருந்ததால் முதலாளிக்கு நஷ்டமில்லை. மாலுமிகள் அவற்றைச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்றார்கள். 1873இல் பிளிம்சால் இதைப்பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1875இல் நாடாளுமன்றத்திலேயே கோபத்தில் கத்தி, முதலாளிகளை வில்லன்கள் என்று திட்டினார். 1876இல் ஒரு சட்டம் வந்தது. கப்பலின் பக்கவாட்டில் ஒரு வட்டமும் அதைக் குறுக்கே வெட்டும் கோடும் இருக்கவேண்டும், அந்தக் கோடு தண்ணீருக்குள் போகும் அளவுக்குச் சரக்கேற்றக் கூடாது.

சட்டம் வந்துவிட்டது. ஆனால் அந்தக் கோட்டை எந்த உயரத்தில் போடுவது என்பதைக் கப்பல்காரரே முடிவுசெய்யலாம் என்று விட்டுவிட்டார்கள். ஒருவர் அதைக் கொண்டுபோய்ப் புகைபோக்கியில் வரைந்தார் என்று ஒரு கதை உண்டு. இந்த ஓட்டையை அடைக்கப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. 1890இல் வந்த சட்டம் கோட்டின் இடத்தைக் கணக்குப்போட்டு நிர்ணயிக்க வேண்டும் என்றது. அந்தக் கணக்கைப் போட அரசாங்கத்திடம் போதிய ஆட்கள் இல்லை. லாய்ட்ஸ் ரெஜிஸ்டரிடம் இருந்தார்கள். ஆகவே அரசு ஏற்றுக்கொண்ட வகைப்பாட்டு அமைப்புகளே கோட்டை நிர்ணயித்துச் சான்று கொடுக்கலாம் என்று ஏற்பாடானது.

இது ஒரு பெரிய திருப்பம். அதுவரை கிளாஸ் என்பது வியாபாரிகளுக்குள் ஒரு கருத்து. நம்பினால் நம்பு, இல்லாவிட்டால் விடு. இப்போது அதே ஆள் அரசாங்கத்தின் பெயரால் பேசுகிறார். அவர் போடும் கையெழுத்து சட்டத்தின் கையெழுத்து. இன்றும் ஒரு சரக்குக் கப்பலின் பக்கவாட்டில் அந்த வட்டத்தைப் பார்த்தால், இரு பக்கமும் ஒவ்வோர் எழுத்து இருக்கும். எல், ஆர் என்றால் லாய்ட்ஸ் ரெஜிஸ்டர். பி, வி என்றால் பீரோ வெரித்தாஸ். இந்தக் கோட்டுக்கு நான் பொறுப்பு என்று ஒரு அமைப்பு தன் பெயரைக் கப்பலின் உடம்பிலேயே எழுதிவைக்கிறது.

அடுத்த நூற்றாண்டில் இது உலக வழக்கமானது. டைட்டானிக் மூழ்கிய இரண்டு ஆண்டுகளில், 1914இல், கடலில் மனித உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் சர்வதேச ஒப்பந்தம் வந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தம். 1993இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு, அரசுகள் தங்கள் வேலையை வகைப்பாட்டு அமைப்புகளிடம் ஒப்படைக்கும்போது எதையெல்லாம் பார்க்கவேண்டும் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. 2015 ஜனவரி 1 முதல் அது கட்டாய விதித்தொகுப்பாகிவிட்டது.

கடல் கடந்து போகும் கப்பலை இப்படி எத்தனையோ கண்கள் பார்க்கின்றன. ஒரு நாட்டின் சான்றிதழ் ஏமாற்று என்றால் அடுத்த நாட்டுத் துறைமுகத்தில் பிடித்துவைத்துவிடுவார்கள். ஆனால் 1974 ஒப்பந்தம் சர்வதேசப் பயணத்துக்கு மட்டும்தான். ஒரே நாட்டின் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போகும் கப்பலுக்கு அது பொருந்தாது. அந்தக் கப்பல் வெளிநாட்டுத் துறைமுகத்துக்குப் போவதே இல்லை. அதைப் பார்க்க வேறு கண் கிடையாது. சொந்த அரசின் கண் மட்டும்தான். அந்தக் கண்ணும் மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குத்தான் டோன்யா பாஸ்.

1987 டிசம்பர் 20

அந்தக் கப்பல் 1963இல் ஜப்பானில் கட்டப்பட்டது. அப்போது அதன் பெயர் ஹிமேயுரி மாரு. ஜப்பானில் ஓடியபோது 608 பயணிகளுக்கான கப்பல் அது. 1975இல் பிலிப்பைன்ஸ் நிறுவனம் ஒன்று அதை வாங்கியது. பிறகு ஒரு தீ விபத்து, பழுதுபார்ப்பு, பெயர் மாற்றம். டோன்யா பாஸ் ஆனபோது அது ஏற்றலாம் என்று அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 1,400ஐத் தாண்டியிருந்தது. கப்பல் அதே கப்பல்தான். அதன்மேல் போட்ட கையெழுத்துதான் மாறியது.

கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் இருந்தது. லெய்ட்டே தீவின் தக்லோபான் துறைமுகத்திலிருந்து மணிலாவுக்குப் புறப்பட்ட கப்பல் அது. தலைநகரில் கிறிஸ்துமஸ் கொண்டாடப் போகிறவர்கள், வேலைக்குத் திரும்புகிறவர்கள், பிள்ளைகள். கடலோரக் காவல்படை கொடுத்த அனுமதிச் சீட்டின்படி 1,493 பயணிகள், 59 பணியாளர்கள். இரவு 10.30 மணி வாக்கில் மரின்டுகே தீவுக்கும் மின்டோரோ தீவுக்கும் இடையில் வெக்டர் என்ற எண்ணெய்க் கப்பலோடு மோதியது. வெக்டரில் 8,800 பீப்பாய் பெட்ரோலியப் பொருள்கள் இருந்தன. இரண்டு கப்பல்களும் எரிந்தன, கடலும் எரிந்தது.

டோன்யா பாஸில் இருந்தவர்களில் 24 பேர் தப்பினார்கள். வெக்டரில் இருந்த 13 பேரில் இரண்டு பேர். தப்பியவர்களில் பெரும்பாலோருக்குத் தீக்காயம். எரியும் எண்ணெய் மிதக்கும் தண்ணீருக்குள் குதித்தவர்களின் தோல் எப்படியிருக்கும் என்பது தீக்காயப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் அதை வர்ணிக்கப்போவதில்லை.

பின்னர் ஏற்றுக்கொள்ளப்பட்ட இறப்புக் கணக்கு 4,386. டைட்டானிக்கில் இறந்தவர்கள் சுமார் 1,500 பேர். அமைதிக் காலத்தில் உலகக் கடல்களில் நடந்த மிகப்பெரிய விபத்து இதுதான். காகிதத்தில் இருந்த எண்ணையும் இறந்தவர்களின் எண்ணையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அந்தக் கப்பலில் இருந்த பெரும்பாலானவர்கள் காகிதத்தில் இல்லவே இல்லை.

வெக்டரைப் பற்றி விசாரணையில் வெளிவந்தது இன்னும் மோசம். உரிய உரிமம் இல்லை, தகுதியுள்ள கப்பல் தலைவர் இல்லை, இருட்டில் முன்னால் பார்க்க ஆள் இல்லை. கடலுக்குப் போகவே தகுதியற்ற கப்பல் என்று விசாரணைக் குழு சொன்னது. ஆனாலும் அது எண்ணெய் ஏற்றிக்கொண்டு பாத்தான் பகுதியிலிருந்து மஸ்பாத்தே தீவுக்குக் கிளம்பியிருந்தது. ஒருவரும் தடுக்கவில்லை.

ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. தொடுத்தவர்கள் ஒரு பள்ளி ஆசிரியரின் மனைவியும் தாயும். ஆசிரியருக்கு 47 வயது. தன் 11 வயது மகளோடு டோன்யா பாஸில் ஏறியிருந்தார். இருவர் பெயரும் பயணிகள் பட்டியலில் இல்லை. எண்ணெய்க் கப்பலை வாடகைக்கு எடுத்திருந்த பெரிய எண்ணெய் நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டுமா என்பது அங்கே எழுந்த முக்கியமான கேள்விகளில் ஒன்று. 1999 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. சரக்கு அனுப்புகிறவர் கப்பலின் உரிமங்கள் உண்மையானவையா, அது கடலுக்குத் தகுதியானதா என்றெல்லாம் ஆராயவேண்டிய கடமை இல்லை, அந்தக் கடமை கப்பலை ஓட்டுகிறவருடையது என்று நீதிமன்றம் சொன்னது. ஆகவே எண்ணெய் நிறுவனம் பொறுப்பல்ல.

இந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் யோசித்தேன். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். பேருந்தில் ஏறுகிறவர் பிரேக்கைச் சோதித்துவிட்டா ஏறுகிறார்? ஆனால் இதன் பொருள் என்ன? சரக்கு அனுப்புகிறவர் பார்க்க வேண்டாம். பயணியால் பார்க்க முடியாது. கப்பல்காரர் தன் கப்பலைப்பற்றித் தானே சொல்வதில் நம்பிக்கை வைக்க முடியாது. அப்படியானால் பார்க்கவேண்டிய மூன்றாமவர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். அவர் தவறினால் பிடிக்க இன்னொருவரும் வேண்டும். முதலாமவர் வகைப்பாட்டு அமைப்பு. இரண்டாமவர் அதை அங்கீகரிக்கும் அரசு.

அங்கீகாரம் என்றால் என்ன

பிலிப்பைன்ஸில் உள்நாட்டுக் கப்பல்களைக் கவனிக்கும் அரசு அமைப்பின் சுருக்கப் பெயர் மரினா. 1974இல் உருவாக்கப்பட்டது. டோன்யா பாஸுக்குப் பிறகும் விபத்துகள் நிற்கவில்லை. 1988இல் டோன்யா மரிலின், 1998இல் பிரின்சஸ் ஆஃப் தி ஓரியன்ட். 2004இல் உள்நாட்டுக் கப்பல் போக்குவரத்துக்கென்று தனிச் சட்டம் வந்தது. கட்டணத்தையும் வழித்தடத்தையும் அது தளர்த்தியது, காப்பீட்டைக் கட்டாயமாக்கியது, கப்பலைச் சோதிக்கும் அதிகாரம் மரினாவுக்கு உண்டு என்று எழுதிவைத்தது. நான்கே ஆண்டில், 2008 ஜூனில், பிரின்சஸ் ஆஃப் தி ஸ்டார்ஸ் என்ற பெரிய கப்பல் எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களோடு புயலுக்குள் போய்க் கவிழ்ந்தது. அதுவும் 1984இல் ஜப்பானில் கட்டப்பட்டு, இருபது ஆண்டு அங்கே உழைத்துவிட்டு வந்த கப்பல்தான். நான் பெயர் சொன்ன நான்கு பயணிக் கப்பல்களும் ஒரே நிறுவனத்துடையவை.

இவ்வளவு தீவு, இவ்வளவு கலங்கள். எந்த அரசாங்கத்தாலும் தன் ஊழியர்களை மட்டும் வைத்து எல்லாவற்றையும் சோதிக்க முடியாது. அதனால் வகைப்பாட்டு அமைப்புகளின் உதவியை நாடவேண்டியிருக்கிறது. உலகப் பெயர்பெற்ற அமைப்புகளின் கட்டணம் ஒரு பழைய சிறு கப்பலின் முதலாளிக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே உள்ளூரில் குறைந்த கட்டணத்துக்கு அமைப்புகள் தோன்றுகின்றன. அது தவறில்லை. உள்ளூர்க் கடலையும் உள்ளூர்க் கலத்தையும் அவர்கள் நன்றாக அறிந்திருக்கலாம். ஆனால் கட்டணம் குறைவாகவும் கையெழுத்து சுலபமாகவும் கிடைக்கும் இடத்துக்குத்தான் ஆள் போகும். கறாரான சர்வேயர் உள்ள அமைப்பு வாடிக்கையாளரை இழக்கும். பச்சைப் புத்தகம், சிவப்புப் புத்தகம் சண்டை மறுபடியும் வருகிறது. இதைத் தடுக்கும் வேலி அங்கீகாரம் ஒன்றுதான்.

அங்கீகாரம் கேட்டு வரும் அமைப்பிடம் ஓர் அரசு என்ன கேட்கவேண்டும்? சர்வதேச விதித்தொகுப்பில் இதற்கு நல்ல பட்டியல் உண்டு. கப்பல் கட்டுவதற்கான தொழில்நுட்ப விதிகள் உன்னிடம் இருக்கின்றனவா? பயிற்சி பெற்ற, போதிய சர்வேயர்கள் இருக்கிறார்களா? கப்பலைக் கட்டுகிறவர், வைத்திருக்கிறவர், ஓட்டுகிறவர் இவர்களில் எவரோடும் உனக்குப் பணத்தொடர்பு இல்லாமல் சுதந்திரமாக முடிவெடுப்பாயா? உன் வேலையை வெளியார் வந்து தணிக்கை செய்ய விடுவாயா? உன் பதிவேடுகளை அரசு எப்போது கேட்டாலும் காட்டுவாயா? இவையெல்லாம் எழுத்துமூல ஒப்பந்தமாக வேண்டும். அதோடு முடியவில்லை. அரசு தன் ஆளை அனுப்பி, ஏற்கனவே சோதித்த கப்பல்களில் சிலவற்றை மறுபடி சோதிக்கவும் வேண்டும்.

கடைசி வரிதான் உயிர். அதை நான் என் வேலையிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் வார்டில் சில மருந்துகளுக்கு இரண்டு செவிலியர் கையெழுத்து வேண்டும். நோயாளிக்கு ரத்தம் ஏற்றுமுன்பும் இரண்டு பேர் சரிபார்க்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. நோக்கம் எளிமையானது, ஒருத்தியின் கண் தவறவிட்டதை அடுத்தவளின் கண் பிடிக்கவேண்டும். இரண்டாமவள் மருந்துக் குப்பியைத் தானே கையில் எடுத்து, அளவைத் தானே கணக்குப்போட்டு, நோயாளியின் கைப்பட்டையைத் தானே படித்தால்தான் அது இரண்டாவது சோதனை. அவள் முதல் கையெழுத்தைப் பார்த்துவிட்டு அதன் கீழே தன் கையெழுத்தைப் போட்டால், காகிதத்தில் இரண்டு கையெழுத்து இருக்கும், சோதனை ஒன்றுதான் நடந்திருக்கும். இன்னும் மோசம், முதலாமவளும் 'பின்னால் இன்னொருத்தி பார்ப்பாள்' என்று அசட்டையாக இருந்திருந்தால் ஒரு சோதனைகூட நடந்திருக்காது.

அரசின் அங்கீகாரம் அந்த இரண்டாவது கையெழுத்து. அது கப்பலைப் பார்த்துப் போடப்படுகிறதா, முதல் கையெழுத்தைப் பார்த்துப் போடப்படுகிறதா? உள்நாட்டுப் பயணியின் உயிர் இந்தக் கேள்வியில் இருக்கிறது.

செவோல்

ஏழை நாட்டில்தான் இப்படி என்று நினைக்கவேண்டாம். உலகத்துக்கே கப்பல் கட்டிக்கொடுக்கும் தென்கொரியாவில் 2014 ஏப்ரல் 16 அன்று செவோல் என்ற உள்நாட்டுப் பயணிக் கப்பல் கவிழ்ந்தது. கப்பலில் இருந்த 476 பேரில் 304 பேர் இறந்தார்கள். அவர்களில் 250 பேர் ஒரே பள்ளியின் மாணவர்கள், சுற்றுலா போனவர்கள்.

இதுவும் ஜப்பானில் 1994இல் கட்டி, 2012இல் வாங்கிய கப்பல். வாங்கியவர்கள் மேலே கூடுதல் அறைகள் கட்டினார்கள். மேலே பாரம் ஏறினால் கப்பல் தள்ளாடும். அரசின் சார்பில் சோதிக்கும் உரிமை பெற்றிருந்த கொரிய வகைப்பாட்டு அமைப்பு இந்த மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்தபோது ஒரு நிபந்தனை போட்டது. சரக்கு 987 டன்னுக்கு மேல் கூடாது, கப்பலின் அடியில் நிலைநிறுத்தும் நீர் அதிகம் வைக்கவேண்டும். விபத்தன்று கப்பலில் இருந்த சரக்கு அந்த அளவைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அடியில் இருந்த நீரோ தேவையானதைவிடக் குறைவு.

நிபந்தனை காகிதத்தில் இருந்தது. புறப்படும் கப்பலில் எவ்வளவு சரக்கு ஏறியிருக்கிறது என்று துறைமுகத்தில் பார்க்கவேண்டியவர் யார்? கப்பல் முதலாளிகளின் சங்கம். ஆமாம், முதலாளிகளே உறுப்பினர்களாக இருக்கும் சங்கத்திடம்தான் அந்தக் கண்காணிப்பை அரசு விட்டுவைத்திருந்தது. விபத்துக்குப் பிறகு, 2015இல், அந்த வேலையைச் சங்கத்திடமிருந்து எடுத்து ஒரு பொது அமைப்பிடம் கொடுத்தார்கள். முன்னூறு பேர் போனபிறகு.

ஐரோப்பாவும் இப்படித்தான் கற்றுக்கொண்டது. 1999 டிசம்பரில் எரிகா என்ற எண்ணெய்க் கப்பல் பிரான்சின் கரையருகே உடைந்தது. அதற்கு முதல் தரச் சான்று கொடுத்திருந்த வகைப்பாட்டு அமைப்பும் பொறுப்பாளிதான் என்று பிரான்சின் உயர்ந்த நீதிமன்றம் 2012இல் உறுதிசெய்தது. அதற்கு முன்பே, 2009இல், அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு தவறினால் அபராதம் போடவும் அங்கீகாரத்தைப் பறிக்கவும் ஐரோப்பிய ஒன்றியம் விதி செய்துவிட்டது. கொடுத்ததைத் திரும்பப் பெற முடிந்தால்தான் அதற்குப் பெயர் அங்கீகாரம்.

நம் பக்கத்து நீர்நிலைகள்

இந்தியாவுக்கென்று சொந்த வகைப்பாட்டு அமைப்பு 1975இல்தான் உருவானது. இன்று அது உலக அளவில் மதிக்கப்படும் அமைப்புகளில் ஒன்று. பெரிய கப்பல்களைப் பொறுத்தவரை நாம் மோசமில்லை. நம் சிக்கல் சின்னக் கலங்களில்.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் ஜலகன்னிகா என்ற இரட்டைத் தளப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா போயிருந்தவர்களும் அதில் இருந்தார்கள். படகு ஓடத் தொடங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் நகர்ந்தார்கள் என்றார்கள். சுற்றுலாப் படகில் பயணிகள் வேடிக்கை பார்க்க ஒரு பக்கம் நகரத்தான் செய்வார்கள். அதைத் தாங்குகிறதா என்று பார்ப்பதுதானே சோதனை? உள்நாட்டு நீர்வழிக் கலங்களுக்கு அப்போது இருந்தது 1917ஆம் ஆண்டின் சட்டம். ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதமாக நடத்திவந்தது. 2021இல்தான் நாடு முழுமைக்கும் பொதுவான புதிய சட்டம் வந்தது. சட்டம் வந்துவிட்டது என்பதோடு நாம் நிம்மதியடையக் கூடாது என்பதற்குப் பிளிம்சாலின் பதினான்கு ஆண்டுகளே சாட்சி.

வெளிநாட்டில் வாழும் நமக்கு இதில் இன்னொரு பங்கும் உண்டு. நம் முன்னோரில் பலர் கப்பலில்தான் புறப்பட்டார்கள். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன ரஜூலா கப்பலைப் பற்றி உங்களில் சிலர் வீட்டில் கேட்டிருப்பீர்கள். 1926இல் கட்டிய அந்தக் கப்பலில் ஆயிரக்கணக்கானவர்கள் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனார்கள். அவர்களில் எத்தனை பேர் அந்தக் கப்பலின் சான்றிதழைப் படித்திருப்பார்கள்? படித்திருக்க முடியாது, படிக்கவேண்டியதும் இல்லை. அவர்களுக்காகப் படிக்க ஒருவர் இருந்தார் என்பதுதான் அவர்கள் கரைசேர்ந்ததன் ஒரு காரணம்.

நான் வேதாகமம் படித்து வளர்ந்தவள். அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தில் ஒரு கப்பற்சேதம் வருகிறது. பவுல் கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகப்படுகிறார். பருவம் தப்பிவிட்டது, இப்போது புறப்பட்டால் கப்பலுக்கும் உயிருக்கும் சேதம் வரும் என்று அவர் எச்சரிக்கிறார். காவல் அதிகாரியோ மாலுமி சொன்னதையும் கப்பலின் சொந்தக்காரர் சொன்னதையும் நம்புகிறார். கப்பல் உடைகிறது. அதில் இருந்த 276 பேரும் பிழைத்தது வேறு விஷயம். சின்ன வயதில் நான் அதைப் புயலின் கதையாகத்தான் கேட்டேன். இப்போது படிக்கும்போது அந்த அதிகாரியைத்தான் பார்க்கிறேன். அரசாங்கத்தின் அதிகாரம் அவர் கையில் இருந்தது. கப்பல் கிளம்பினால் லாபம் யாருக்கோ, அவருடைய வார்த்தையை வாங்கிக்கொண்டு அவர் முடிவெடுத்தார்.

நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. விடுமுறைக்குப் போகும்போது நாம் எல்லோரும் படகிலும் கப்பலிலும் ஏறுகிறோம். பல நாடுகளில் பயணிக் கலத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்பதை எழுதி மாட்டவேண்டும் என்று விதி உண்டு. அது எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் கேளுங்கள். உங்கள் பெயரையும், மடியில் இருக்கும் குழந்தையின் பெயரையும் பட்டியலில் எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் ஏறச் சொன்னால் ஏறாதீர்கள். அந்த 11 வயதுப் பெண்ணின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் போனதால்தான் இதைச் சொல்கிறேன்.

கப்பல் துறையில் வேலை பார்ப்பவர்கள் இந்தக் கூட்டத்தில் இருந்தால் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன்.